மேனேஜருக்குப் போட்ட நீலம்

லாண்டரிக்காரர் வீட்டில் இருந்தவை இரண்டே சட்டங்கள். நீலத்தை அவர் மனைவி தொடக்கூடாது. கோழியை அவர் தொடக்கூடாது. முதல் சட்டம் கல்யாணமான புதிதில் அவர் போட்டது. இரண்டாவது, போன வாரம் அவள் போட்டது.

முதல் சட்டத்துக்குக் காரணம் உண்டு. துணி துவைக்க யாராலும் முடியும், இயந்திரம்கூடத் துவைக்கிறது. வெள்ளைத் துணியை அலசும் கடைசித் தண்ணீரில் நீலம் விடுவதற்குத்தான் கைப்பக்குவம் வேண்டும் என்பது அவர் கட்சி. ஒரு சொட்டு குறைந்தால் சட்டை பழுப்பாகவே நிற்கும். ஒரு சொட்டு கூடினால் ஆகாயத்தைப் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போகவேண்டியதுதான். அதனால் நீலப் புட்டி துவைக்கும் அறையில், அலமாரியின் மேல்தட்டில், மனைவிக்கு எட்டாத உயரத்தில் இருக்கும். அவள் வேலை இஸ்திரி. இஸ்திரி மேசை துவைக்கும் அறையின் வாசலுக்கு நேராக இருந்தது. அங்கே நின்றபடி அவளுக்குப் பார்க்கக் கிடைத்ததெல்லாம் தொட்டியின் மேல் குனிந்திருக்கும் அவருடைய முதுகு மட்டும்தான்.

இரண்டாவது சட்டத்துக்குக் காரணம் அவரே.

கெட்ட எண்ணம் கொஞ்சமும் இல்லாத மனிதர். ஆனால் மனைவியின் பொருள் எது கண்ணில் பட்டாலும் அதைக் கொஞ்சம் சரிசெய்து கொடுக்கவேண்டும் என்று கை பரபரக்கும். அவளுடைய சைக்கிளின் சீட்டை ஒருநாள் வசதியாக இருக்கட்டும் என்று உயர்த்தினார். அதன்பின் அதில் ஏறி உட்கார ஆளே கிடைக்கவில்லை. இறக்கலாம் என்று பார்த்தால் திருகு உடைந்துபோயிற்று. அவளுடைய ரேடியோவில் லேசாகக் கரகரப்பு இருந்தது. அதை எடுக்கப்போய் மற்ற எல்லாவற்றையும் எடுத்துவிட்டார். அவள் சண்டை போடவில்லை. சைக்கிளை ஒரு பழைய விரிப்பால் மூடினாள். ரேடியோவை ஒரு துண்டால் மூடினாள். இரண்டும் அப்படியே இருக்கின்றன, நன்றாகத் துவைத்த துணிகளுக்கு அடியில். என்றாவது ஒருநாள் தன்மேலும் ஒரு துணி வந்து விழுந்துவிடுமோ என்று லாண்டரிக்காரருக்கு உள்ளூரப் பயம் இருந்தது. வெளியில் சொன்னதில்லை.

கோழி சில்க்கி ஜாதி. அழகுக்காக வளர்க்கிற குட்டைக் கோழி. மற்ற கோழிகளுக்கு இருப்பது இறகு என்றால் இதற்கு இருப்பதை மயிர் என்றுதான் சொல்லவேண்டும். உச்சந்தலை முதல் கால்விரல்வரை வெள்ளை வெளேரென்று பொசுபொசுவென்று தொங்கும். அதை விலக்கிப் பார்த்தால் உள்ளே தோல் கன்னங்கரேலென்று இருக்கும். காலுக்கு ஐந்து விரல். காதுமடல் மயில் கழுத்து நிறம். பறக்காது, மழையில் ஒதுங்கத் தெரியாது, எப்போதாவது ஏதோ நம்மேல் இரக்கப்பட்டதுபோல் ஒரு சின்ன முட்டை இடும். துணி கொடுக்க வருகிறவர்கள், "இது நாய்க்குட்டியா, கோழியா?" என்று கேட்பார்கள். "மேனேஜர்" என்பாள் அவள்.

பெயர் பொருத்தமானதுதான். காலையில் கொல்லையில் துணி காயப்போட்டதும் கோழி கொடிக்கு அடியில் ஒருமுறை நடக்கும். ஒவ்வொரு துணியையும் தலையைச் சாய்த்து அண்ணாந்து பார்க்கும். கடைசிவரை போய், எதுவும் செய்யாமல் திரும்பி வரும். லாண்டரிக்காரர் இதைப் பற்றி நிறையக் கிண்டல் செய்திருக்கிறார். "உன் மேனேஜர் இன்னிக்கு லீவா?" என்பார். அவள் சிரிக்கமாட்டாள்.

இந்த நிலைமையில்தான் அழகுக்கோழிக் கண்காட்சி வந்தது. ஞாயிற்றுக்கிழமை, ஒரு பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில். அவள் அவரிடம் கேட்காமலே போய்ப் பதிவு செய்துவிட்டு, கூண்டில் ஒட்டுவதற்கான அட்டையோடு வந்தாள். பிரிவு: சில்க்கி, வெள்ளை, பெட்டை. உரிமையாளர் என்ற இடத்தில் அவள் பெயர் அச்சில் இருந்தது.

லாண்டரிக்காரர் அட்டையைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். கடைப் பலகையில் அவர் பெயர். ரசீதில் அவர் பெயர். மின்சாரக் கட்டண அட்டையில்கூட அவர் பெயர். கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு மனைவியின் பெயரை அச்சில் இப்போதுதான் பார்க்கிறார். நல்ல பெயர்தான் என்று தோன்றியது.

"இதுல மட்டும் கை வைக்காதீங்க" என்றாள் அவள். "இந்த ஒண்ணே ஒண்ணு. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நான் ஏன் கை வைக்கப்போறேன்?" என்றார் அவர். சைக்கிள் விஷயத்திலும் இதையேதான் சொல்லியிருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் கொல்லைக் குழாயடியில் வைத்துக் கோழியைக் குளிப்பாட்டினாள். அவர் அப்போது கடை முன்பக்கம் ஒரு வாடிக்கையாளரோடு காணாமல்போன தலையணை உறையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். குளிப்பாட்டி முடித்ததும் கோழியை வெள்ளைத் துண்டில் சுற்றி, கூடையில் வைத்து, இஸ்திரி மேசைமேல் வைத்தாள். லாட்ஜிலிருந்து விரிப்புகளைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார்கள்.

"நான் போய் விரிப்பக் குடுத்துட்டு வந்துடுறேன். வந்துதான் காயவைக்கணும். தொடாதீங்க."

"போய்ட்டு வா."

அவள் போனாள். லாண்டரிக்காரர் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார். கோழி அவரைப் பார்த்தது. அவர் கோழியைப் பார்த்தார். அங்கேதான் வினை ஆரம்பித்தது.

சுற்றியிருந்த துண்டு அவர் கையால் வெளுத்த துண்டு; கண்ணைப் பறிக்கும் வெள்ளை. அதன் நடுவில் நனைந்து ஒட்டிப்போன கோழியின் தலை, அவர் கண்ணுக்கு, லேசாகப் பழுப்படித்தாற்போல் இருந்தது. வெயிலில் திரிகிற வெள்ளைக் கோழிக்கு அப்படித்தான் ஏறும். மற்றவர்கள் கண்ணுக்குத் தெரியாது. ஆனால் நாளைக்குப் பார்க்கப்போவது நடுவர். இவள் சோப்புப் போட்டு நன்றாகத்தான் தேய்த்திருக்கிறாள், பாவம். ஆனால் நீலம் போட இவளுக்கு என்ன தெரியும்? புட்டியே எட்டாதே.

அவருக்கு நெஞ்சு இளகிவிட்டது. அதை இங்கே சொல்லத்தான் வேண்டும். வாய் ஓயாமல் கிண்டல் செய்தாலும், அவள் ஜெயிக்கவேண்டும் என்று அவர் மனதார ஆசைப்பட்டார். தன்னிடம் இருக்கிற ஒரே வித்தையை அவளுக்குக் கொடுக்கவேண்டும் என்று நினைத்தார். சொல்லிக்காட்டக்கூடாது, அவளே செய்ததாக இருந்துவிட்டுப் போகட்டும் என்றும் முடிவு செய்தார். இதைவிடப் பெரிய மனதோடு அவர் எதையும் கெடுத்ததில்லை.

அரை வாளி வெதுவெதுப்பான தண்ணீர். இரண்டு சொட்டு நீலம். கோழியை அதில் கழுத்துவரை இறக்கியதும் அது கண்ணை மூடிக்கொண்டது, சுகமாக. எடுத்துப் பிழிந்து (கோழியைப் பிழியக்கூடாது என்று கடைசி நொடியில் நினைவு வந்து, ஒற்றி), துண்டில் பழைய மடிப்பு மாறாமல் சுற்றிக் கூடையில் வைத்தார். துணி மடிப்பதில் அவரை யாரும் குறைசொல்ல முடியாது. மேசையில் சிந்தியிருந்த தண்ணீரைக்கூடத் துடைத்தார்.

மனைவி திரும்பி வந்தாள். முடி உலர்த்தும் கருவியை எடுத்து, கோழியை மடியில் வைத்து, மெதுவாகக் காற்றைக் காட்டினாள். ஈரத் துணியைப் பார்த்து நீலத்தை எடைபோடக்கூடாது, காய்ந்த பிறகுதான் நிறம் தெரியும் என்று அவரே நூறு தடவை சொல்லியிருக்கிறார். இப்போது தெரிந்தது. முதலில் கழுத்து. அப்புறம் முதுகு. அப்புறம் கால்வரை. சாயங்கால வெளிச்சத்தில், அவள் மடியில், இளநீல நிறத்தில் ஒரு கோழி உட்கார்ந்திருந்தது.

லாண்டரிக்காரர் மனதுக்குள் சொட்டுகளை மறுபடி எண்ணினார். இரண்டே சொட்டுதானே? கணக்கு எங்கே தவறியது என்று புரியவில்லை. மனைவி கருவியை அணைத்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. இப்போது கேட்பாள், இப்போது கேட்பாள் என்று அவர் காத்திருந்தார். அவள் கேட்கவில்லை. அவர் பக்கம் திரும்பவே இல்லை. கோழியைத் தூக்கிக்கொண்டு போய் மறுபடி ஒருமுறை அலசினாள். பிறகு இன்னொரு முறை அலசினாள். நீலம் அசைந்து கொடுக்கவில்லை. நல்ல நீலம், அவர் தேடிப் பிடித்து வாங்குவது.

"வினிகர் கொஞ்சம் விட்டுப் பாக்கலாமோ?" என்றார் அவர், சுவரைப் பார்த்து.

"எதுக்கு?" என்றாள் அவள், தரையைப் பார்த்து.

"சும்மா. பளபளப்புக்கு."

"சரி, விட்டுப் பாருங்க."

வினிகரும் வேலைக்காகவில்லை. சாப்பாட்டு மேசையில் இருவரும் பேசவில்லை. இது ரேடியோவை மூடிய அன்றிருந்த மௌனத்தைவிடப் பெரிய மௌனம் என்று அவருக்குப் பட்டது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயைத் திறந்தார். இரண்டு முறையும் சோறுதான் உள்ளே போயிற்று.

"நாளைக்குப் போகத்தான் வேணுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"போகணும்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "அந்த அரங்கத்து வெளிச்சத்துல வெள்ளையாத் தெரியும்" என்றாள்.

"தெரியும், தெரியும்" என்றார் அவர். வாடிக்கையாளர்களிடம் அவர் தினமும் சொல்லும் பொய் அது.

அரங்கத்து வெளிச்சத்தில் கோழி இன்னும் நீலமாகத் தெரிந்தது.

வரிசை வரிசையாகக் கம்பிக்கூண்டுகள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்ற சேவல்கள், கொண்டை கண்ணை மறைக்க முட்டிக்கொண்டு நின்ற கோழிகள். வெள்ளை சில்க்கிகள் ஏழெட்டு இருந்தன. அவற்றுக்கு நடுவே மேனேஜர், பள்ளிச் சீருடை மறந்து வந்த பிள்ளை மாதிரி இருந்தது. கூண்டின்மேல் அவள் பெயர் போட்ட அட்டை. பக்கத்துக் கூண்டுக்காரர் ஒருவர் கோழியைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார், தன் கோழியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

நடுவர் வந்தார். வார நாட்களில் பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் கோழி பார்ப்பவர். வெள்ளைக் கோட்டு போட்டிருந்தார். லாண்டரிக்காரரின் கண் அந்த நிலைமையிலும் நேரே கோட்டுக் காலருக்குப் போயிற்று. கலர் துணியோடு சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். அக்குளில் பழுப்பு வேறு. இவரா வெள்ளைக்குத் தீர்ப்பு சொல்லப்போகிறார் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டார்.

டாக்டர் கோழியை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தார். "அஞ்சு விரல், சரி. தோல் கறுப்பு, சரி. நிக்குற அழகு ரொம்ப நல்லாருக்கு. காது…"

"காது பொறந்ததுலேருந்தே அந்தக் கலர்தான் டாக்டர்" என்றார் லாண்டரிக்காரர், அவசரமாக.

"காது அப்படித்தான் இருக்கணும். நான் காதைப் பத்திப் பேசல." டாக்டர் முதுகு மயிரை ஊதி விலக்கிப் பார்த்தார். "இது வெள்ளை இல்ல."

பக்கத்துக் கூண்டுக்காரருக்கு மனசு கேட்கவில்லை. "சில்க்கில நீலம்னு தனிப் பிரிவு இருக்குல்ல டாக்டர்? அதுல தள்ளிவிட்டுடலாமே."

"அந்த நீலம் சாம்பல் மாதிரி இருக்கும். இது சட்டை மாதிரி இருக்கு." டாக்டர் பேனாவை எடுத்தார். "வெள்ளைக் கோழிக்குத் துளி நீலம் போடுறது எல்லாரும் பண்றதுதான், தெரியாத மாதிரி இருந்துடுவோம். ஆனா கண்ணுக்குத் தெரிஞ்சா அது சாயம். சாயம்னா நீக்கம். வேணும்னே ஏமாத்தப் போட்டதுன்னா, இனிமே எந்தக் கண்காட்சியிலயும் இந்தப் பேருக்குக் கூண்டு கிடையாது." பேனாவின் முனை அட்டையில் அவள் பெயருக்கு மேல் நின்றது. "யார் இதைக் குளிப்பாட்டினது?"

லாண்டரிக்காரர் அந்தப் பெயரைப் பார்த்தார். அச்சாகி முழுசாக ஒரு வாரம் ஆகவில்லை.

"நான்தான்" என்றார்.

"நான்தான்" என்றாள் அவளும், அதே நேரத்தில்.

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு பேரும் சேர்ந்தா?"

"அவர் தொடவே இல்ல டாக்டர்" என்றாள் அவள். "தொடக்கூடாதுன்னு நான்தான் சொல்லியிருந்தேன். குளிப்பாட்டி, கடைசித் தண்ணியில நீலம் விட்டது நான். எங்கயோ அளவு தப்பிடுச்சு. ஏமாத்தணும்னு இல்ல."

"நீ நீலம் போட்டியா?" என்றார் லாண்டரிக்காரர். டாக்டர் அங்கே இருப்பதையே மறந்துவிட்டார். "புட்டி எப்படி எட்டுச்சு?"

"ஸ்டூல் போட்டு."

"எத்தனை சொட்டு?"

"ரெண்டு."

"எவ்வளவு தண்ணிக்கு?"

"அரை வாளி. வெதுவெதுன்னு."

"அளவு உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல. நீங்க ஒவ்வொரு சொட்டு விடும்போதும் உங்க வலது தோள் ஒருதடவ ஏறி இறங்கும். இத்தனை வருஷமா இஸ்திரி போட்டுக்கிட்டே எண்ணிட்டு இருக்கேன்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "சரியாத்தான் எண்ணியிருந்தேன்னு நினைச்சேன்."

லாண்டரிக்காரருக்கு அப்போதுதான் கணக்கு புரிந்தது. அவள் போட்ட இரண்டு சொட்டு. அதன்மேல் அவர் போட்ட இரண்டு சொட்டு. அவர் கூடையை எட்டிப் பார்த்தபோது கோழியின்மேல் இருந்தது பழுப்பு அல்ல, வெறும் ஈரம். அவர் நாற்காலியில் பேசாமல் உட்கார்ந்திருந்தால் இன்று இந்தக் கூண்டில் ஒரு வெள்ளைக் கோழி நின்றிருக்கும். இப்போது வாயை மூடிக்கொண்டிருந்தால் அவளே தப்பு செய்ததாக இருந்துவிடும். அவள் ஆயுசுக்கும் அப்படியே நம்புவாள். ஸ்டூலையும் ஒரு துணி போட்டு மூடிவிடுவாள்.

"டாக்டர், எழுதிக்குங்க" என்றார் அவர். "அவ போட்டது சரியான அளவு. நானா இருந்தாலும் அதேதான் போட்டிருப்பேன். போடவும் செஞ்சேன். அவ லாட்ஜுக்குப் போயிருந்தப்ப, அவளுக்கு நீலம் போடத் தெரியாதுன்னு நினைச்சு, அதுமேலயே இன்னொரு தடவ முக்கி எடுத்தேன். தொடாதீங்கன்னு சொல்லிட்டுத்தான் போனா. நான் தொடாம இருந்திருந்தா இது வெள்ளையா இருந்திருக்கும். தப்பு என்னோடது. அந்தப் பேரை விட்டுடுங்க."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். நேற்று மத்தியானத்துக்குப் பிறகு இப்போதுதான் பார்க்கிறாள்.

"முக்கினீங்களா?" என்றாள்.

"முக்கினேன்."

"கோழியை?"

"ஆமா."

மேனேஜர் மேசைமேல் நின்றபடி இருவரையும் தலை சாய்த்துப் பார்த்தது. டாக்டர் யோசித்தார். பிறகு அட்டையில், அவள் பெயருக்குக் கீழே, சிவப்பு எழுத்தில் எழுதினார்: நீக்கம். நிறம் கூடுதல். கவனக்குறைவு, ஏமாற்று அல்ல. "அடுத்த வருஷம் கொண்டாங்கம்மா. உடம்பு ரொம்ப நல்ல உடம்பு" என்றார். கோழியைச் சொன்னார்.

திரும்பும்போது வேனில் லாண்டரிக்காரர் சாலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பின்னால் துவைத்த விரிப்புகள் கட்டுக்கட்டாக இருந்தன. அவள் எந்த நிமிஷமும் ஒன்றை எடுத்து அவர் தலைமேல் போடலாம் என்று அவருக்கு இருந்தது. போட்டாலும் தகும் என்றும் இருந்தது. பாதி வழியில் அவள் வாயைத் திறந்தாள்.

"நிஜமாவே அளவு சரிதானா? எனக்காகச் சொன்னீங்களா?"

"சரிதான்."

கொஞ்ச தூரம் போனதும், "இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள்.

"சரியான அளவு" என்றார் அவர்.

அட்டையை அவள் கடையில் மாட்டினாள், கடை உரிமத்துக்குப் பக்கத்தில், அதைவிட ஒரு விரற்கடை மேலே. லாண்டரிக் கடையில் நிறம் கூடுதல், கவனக்குறைவு என்று எழுதி மாட்டினால் யார் துணி போடுவார்கள் என்று அவருக்கு நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டார். வருகிறவர்கள் படித்துவிட்டு, "யாருது?" என்று கேட்பார்கள். "என்னுது. அதுல இருக்கிறது என் பேரு" என்பாள் அவள்.

அடுத்த வாரம் பல் டாக்டர் ஒரு பெரிய பையோடு கடை வாசலில் வந்து நின்றார். உள்ளே ஆறு வெள்ளைக் கோட்டுகள், எல்லாம் ஒரே பழுப்பு. லாண்டரிக்காரர் வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினார். டாக்டர் பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உங்ககிட்ட இல்ல" என்றார். "சரியா எண்ணினவங்ககிட்ட."

லாண்டரிக்காரர் கையை மடக்கிக்கொண்டு உள்ளே போய் மனைவியை அழைத்தார். அவள் வந்து ஒரு கோட்டைப் பிரித்தாள், காலரைத் திருப்பினாள். "கலர் துணியோட போட்டிருக்காங்க" என்றாள். "புதன்கிழமை வாங்க."

அவர் துவைக்கும் அறைக்குப் போய் நீலப் புட்டியை மேல்தட்டிலிருந்து எடுத்துக் கீழ்த்தட்டில் வைத்தார். அப்படியே வெளியே வந்து இஸ்திரி மேசைக்கு அந்தப்புறம் நின்றுகொண்டார். அங்கிருந்து பார்த்தால் தொட்டியும் தெரியவில்லை, தண்ணீரும் தெரியவில்லை. அவள் முதுகுதான் தெரிந்தது. எத்தனை வருஷம் இதைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். வலது தோளைப் பார்த்தார். ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது. எண்ணிக்கொண்டே வந்தார். அவர் போடும் அளவு வந்ததும் தோள் நிற்கவில்லை. இன்னும் ஒருமுறை ஏறி இறங்கியது.

ஒரு சொட்டு அதிகம். சொல்ல வாயைத் திறந்தவர், கொல்லையிலிருந்து மேனேஜர் உள்ளே வருவதைப் பார்த்தார். அது இன்னமும் இளநீலமாகத்தான் இருந்தது. இறகு உதிர்ந்து புதிதாக முளைக்கும்வரை அப்படித்தான் இருக்கும். வாயை மூடிக்கொண்டார்.

புதன்கிழமை கோட்டுகள் கொடியில் காய்ந்தன. அவர் ஆயுசில் அத்தனை வெள்ளையை வெளுத்ததில்லை. மேனேஜர் அடியில் நடந்து ஒவ்வொன்றையும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே கடைசிவரை போயிற்று. லாண்டரிக்காரர் அதன் பின்னாலேயே போய், அவரும் ஒவ்வொன்றாக அண்ணாந்து பார்த்துவிட்டு, எதையும் தொடாமல் திரும்பி வந்தார்.